கட்டையில் ஏற்றிய பிளசர்

திருச்சி சிறை
20-1-1970

அம்சம்,

இங்கேயும் பொங்கல் போட்டார்கள். பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாக மட்டும் சொல், பருப்பு விஷயம் வேண்டாம்.

அறுப்புக்கு வெளியூர் ஆள் இறக்க வந்த லாரியை மறித்ததற்கு எத்தனை நாள் வைப்பார்களோ தெரியவில்லை. மாசி பிறப்பதற்குள் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் வைத்தியலிங்கம் சொல்லியனுப்பினார். எனக்குக் கவலை வண்டியைப் பற்றித்தான். மழைச் சேற்றில் ஓட்ட முடியாது என்று ஐப்பசி மூணாந்தேதி கட்டையில் ஏற்றியது. வழக்கமாகத் தை பிறந்த மறுநாளே இறக்கிவிடுவேன். பங்குனி முதல் வாரம் எப்.சி. சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். தவறினால் பர்மிட் போய்விடும். பர்மிட் மீரா உசேன் அண்ணன் பேரில் இருக்கிறது. தெற்குத்தெருப் பையன் கையில் காரைக் கொடுத்தாயே என்று திருவாரூரில் அவரைக் கேட்காத ஆளில்லை. அந்தப் பேச்சை நான் உண்மையாக்கக் கூடாது.

வேறு யாரையும் தொட விடாதே. உனக்குத்தான் பொறுமை உண்டு. கொட்டகைக் கதவை ஒருநாள் முழுக்கத் திறந்து போட்டுக் காற்றாட விடு. பிறகு பானெட்டைத் தூக்கு. ரேடியேட்டருக்கு அடியில் சின்னத் திருகு குழாய் இருக்கும், பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்று. வாய்க்கால் தண்ணீர் கூடாது, சேறு அடைக்கும். பிளக்கு நாலையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வை, எது எந்தக் குழியில் இருந்தது என்று குறித்துக்கொள். குழிக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு, முன்னால் ஹேண்டிலைச் செருகி மாவாட்டுகிற மாதிரி மெதுவாகச் சுற்று. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள். அந்தப் பக்கம் வளைத்துப் பிடித்தால், இன்ஜின் உதைக்கும்போது கை போய்விடும். இதை இரண்டு தடவை படி.

மாசியில் செல்லதுரை வீட்டிலிருந்து உனக்குப் பரிசம் போட வருகிறார்கள். நான் வந்துவிடுவேன். வந்ததும் அவர்களைத் திருவாரூர் ரயிலடியிலிருந்து நம் வண்டியிலேயே கூட்டிவர வேண்டும் என்று ஆசை.

உன் கடிதத்தை இங்கே ஒரு அதிகாரி படித்து, முத்திரை குத்தி, தேதி போட்ட பிறகுதான் என்னிடம் கொடுப்பார். பார்த்து எழுது.

மருதையன்


தெற்குத்தெரு
26-1-1970

அண்ணனுக்கு,

இதை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகிற ஐயாவுக்கும் வணக்கம். அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் எதிரில் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

முதலில் வண்டி. பானெட்டைத் தூக்கியதும் பயந்துபோனேன். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தலையணை அளவுக்கு ஒரு வைக்கோல் கூடு. விசிறி இதழ்களுக்குள் நுழைத்து நுழைத்துப் பின்னியிருக்கிறது. கோணிக் கிழிசல், உங்கள் பழைய துடைப்புத் துணி, யாரோ ஒட்டிய தேர்தல் நோட்டீசில் பாதி. விசிறி பெல்ட் முக்கால்வாசி கடிபட்டு நாராகத் தொங்குகிறது. கூட்டுக்கு அடியில் நெல். ஓரத்தில் ஈரம் பட்டது முளைத்து, வெளிச்சம் காணாமல் வெளுத்துப்போய், நாலு விரல் உயரத்துக்கு நிற்கிறது. இன்ஜினுக்குள் நாற்றங்கால்!

நான் துடைப்பத்தை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி கூட்டித் தள்ளுற? குறுவை நெல்லுடி இது. சம்பாக் கதிரு நேத்துவரைக்கும் வயல்ல நின்னுச்சு. வெள்ளம் ஏறுறதுக்கு முன்னாடியே தூக்கியாந்து வச்சிருக்கு பாரு. நம்ம சங்கத்தவிட வெவரம்."

எலி வளை வெட்டி நெல் எடுத்துப் பழகிய கை, விடுமா? முளைக்காததைப் பொறுக்கினாள், முக்கால் படி தேறியது. காயவைத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சிவிட்டாள். நானும் குடித்தேன். கூட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

இனி என் விஷயம். எலி கடிக்கும் சத்தம் எனக்கு ஐப்பசியிலிருந்தே தெரியும். ஏனென்றால் வண்டியைக் கட்டையில் ஏற்றிய மூன்றாம் நாளிலிருந்து தினம் சாயங்காலம் நான் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில், எழுத்துத் தெரிகிறவரைக்கும். நீங்கள் வீட்டில் இருக்கிற நேரமில்லை அது. அம்மா நான் கொல்லைப் பக்கம் இருப்பதாக நினைத்திருப்பாள். கார்க் கதவை இழுத்துச் சாத்தினால் ஒரு சத்தம் வருகிறதே, அதற்காகவே இரண்டு தடவை சாத்துவேன். நம் வீட்டில் சாத்துவதற்கு என்ன இருக்கிறது, ஒரு தட்டி. மழை கூரையில் விழும், முன்பக்கம் எலி கரகரவென்று வேலை செய்யும், நான் படிப்பேன். விரட்டியிருக்கலாம். அதுவும் மழைக்கு ஒதுங்கியதுதானே என்று விட்டுவிட்டேன். பெல்ட் போனதில் எனக்கும் பங்குண்டு.

அங்கே ஒளிந்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் அந்த நேரத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டாரும் என் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். செல்லதுரை நல்லவர். உங்களோடு கொடி பிடிப்பவர். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள மனம் இல்லை, அவ்வளவுதான். கூலியில் அரைப் படி கூட்டிக் கேட்பதற்கு நூறு பேரை மரத்தடியில் கூட்டி, "சம்மதமா, கை தூக்குங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறீர்கள். என்னை நீங்கள் கேட்கவில்லை.

எழுதவே கூசுகிறது. நீங்கள் இல்லாத இந்தப் பதினாறு நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீங்கள் வந்தால் மாசியும் வந்துவிடும்.

அம்சவல்லி


திருச்சி சிறை
3-2-1970

அம்சம்,

கடிதம் கிடைத்தது. கொடுக்கும்போது அதிகாரி, "என்னப்பா மருதையா, எலிக் குடித்தனம் எப்படி இருக்கு?" என்றார். எதுவரை படித்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பெல்ட்டுக்கு மீரா உசேன் அண்ணனிடம் சொல்லியனுப்பு. பேட்டரியும் அவர் கடையில்தான் இருக்கிறது. ஒயர்களையும் எலி கடித்திருக்கும். கறுப்பு டேப்பைச் சுற்றினால் போதாது, செம்பு தெரிகிற இடத்தில் வெட்டி முறுக்கிச் சேர்க்க வேண்டும். அவர் காட்டிக் கொடுப்பார். ஸ்பிரிங் பட்டைகளில் துரு ஏறியிருக்கும், கம்பித் துடைப்பத்தால் தேய்த்து ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் பழைய ஆயிலைத் தடவு. வெயில் காலத்தில் கப்பி ரோட்டில் கத்தாமல் இருக்கும்.

மற்றது வந்து பேசிக்கொள்ளலாம்.

அந்தி நேரத்தில் கொட்டகையில் தனியாக உட்காருகிற பழக்கத்தை விட்டுவிடு. தெருவில் எல்லாருக்கும் நாக்கு நீளம். வெளியில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று படித்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அம்மாவுக்குக்கூடச் சொல்லாதே.

மருதையன்


தெற்குத்தெரு
14-2-1970

அண்ணனுக்கு,

இன்றைக்கு, புதன்கிழமை, வண்டி கிளம்பியது.

மீரா உசேன் அண்ணன் சைக்கிள் கேரியரில் பேட்டரியையும் தோளில் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு வந்தார். நான் செய்ததை எல்லாம் குனிந்து பார்த்தார். பிளக்குகளை ஒன்று முதல் நான்கு வரை தீப்பெட்டி அட்டையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, இத மருதையன் பாத்தா, எடத்துக்கு ஆள் வந்தாச்சு, நான் உள்ளயே இருந்துக்கிறேன்னுடுவான்." ஹேண்டிலை என்னையே சுற்றச் சொன்னார். மூன்று தடவை தும்மி, நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் பத்திரம். வால்குழாய்க்குள் எலி விட்டுப்போயிருந்த நெல் உமி புகையோடு பறந்து அம்மா தலையில் விழுந்தது.

ஸ்பிரிங் பட்டைக்கு ஆயில் தடவும்போது ஒன்று நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷில் இந்தப் பட்டைக்கும் வசந்தத்துக்கும் ஒரே சொல். நமக்கு வசந்தம் என்று ஒன்று எங்கே வருகிறது? சேறு காயும், பனி விலகும், மறுநாளே வெயில் உச்சந்தலையில். நடுவில் இருக்கிற நாலு நாளில் இப்படித் தேய்த்துத் தடவிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அந்த நாலு நாள் பிடித்திருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

இதுவரை புதன்கிழமை இரவே எழுதியது. நேற்று நடந்ததை எழுதக் கை ஓடவில்லை.

காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஐப்பசியிலிருந்து கட்டையில் இருந்தது, இப்போதுதான் இறக்கினோம் என்றேன். ஏட்டு பானெட்டைத் தூக்கி உள்ளே விரலால் ஒரு இழு இழுத்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பெல்ட் புதுசு. பட்டையில் ஆயில் மினுமினுத்தது.

"என்னம்மா, கல்யாணப் பொண்ணாட்டம் சோடிச்சு வச்சிருக்கீங்க. இதா நாலு மாசம் மழையில நின்ன வண்டி? யார்கிட்ட கத விடுறீங்க?"

கார்த்திகையில், டிசம்பர் நாலாந்தேதி, விளக்கு வைக்கும் நேரத்தில் பண்ணைக் காரியக்காரரைப் பாலத்தடியில் மறித்துத் தோளில் வெட்டினார்களே, அந்த வழக்காம். வெட்டியவர்கள் கறுப்புப் பிளசரில் வந்து கறுப்புப் பிளசரில் போனார்களாம். இந்தப் பக்கத்தில் அரிசி ஆலைக்காரர் காரும் பிளசர், டாக்டர் காரும் பிளசர், நாலு சக்கரத்தோடு வருவதெல்லாம் பிளசர்தான். ஆனால் கறுப்புப் பிளசர் என்றால் உங்கள் வண்டி என்று காரியக்காரரின் ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவிடம் ரேகை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் இவ்வளவு நன்றாகத் துடைத்திருக்க வேண்டாம்.

அம்சவல்லி


திருச்சி சிறை
18-2-1970

அம்சம்,

அந்த வழக்கில் என்னை மூன்றாவது ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். வண்டி ஓட்டியவன் நானாம். வெட்டியது யார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் நான் சங்க அலுவலகத்தில் இருந்தேன். என்னைப் பார்த்த அத்தனை பேரும் இப்போது என்னோடுதான் உள்ளே இருக்கிறார்கள். கைதி சொல்லும் சாட்சியை யார் மதிப்பார்கள்?

இது லாரி மறித்த மாதிரி இல்லை. ஏழு வருஷம் வரைக்கும் போகலாம் என்று வைத்தியலிங்கம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆட்சி மாறி மூணு வருஷம் ஆச்சு, சட்டம் நம் பக்கம் என்று மரத்தடியில் பேசியதெல்லாம் நான்தான். இப்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால் தூக்கம் பிடிக்கவில்லை.

பேட்டரி தன் கடையில்தான் இருந்தது என்று மீரா உசேன் அண்ணன் சொல்வார். வேறு பேட்டரி போட்டிருக்கலாமே என்பார்கள். விசிறிக்குள் பின்னிய அந்தக் கூடு ஒன்று இருந்தால் போதும், வண்டி ஓடவில்லை என்று நிரூபித்துவிடலாம் என்கிறார் வக்கீல். ஒரு நிமிஷம் இன்ஜின் சுற்றினாலும் கூடு சிதறியிருக்கும் இல்லையா? அடுப்பில் போட்டேன் என்று எழுதியிருந்தாய். முழுவதையுமா? நெல்லாவது கொஞ்சம் இருக்கிறதா?

மருதையன்


தெற்குத்தெரு
21-2-1970

அண்ணனுக்கு,

நெல்லும் இல்லை. சாட்சியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டோம். விவரம் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். "எலிகூட நாளைக்கு வேணும்னு சேத்து வச்சுச்சு. நான் தின்னுட்டனே" என்று நேற்றிலிருந்து சோறு இறங்காமல் இருக்கிறாள்.

ஆனால் அண்ணா, என் கடிதம் இருக்கிறது!

ஜனவரி 26-ல் எழுதியது. கூடு, விசிறி, கடிபட்ட பெல்ட், குறுவை நெல் எல்லாம் அதில் இருக்கிறது. டிசம்பர் நாலாந்தேதியைப் பற்றி அப்போது உங்களிடமோ என்னிடமோ யாரும் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. வழக்குக்காக ஜோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதன் மேல் அரசாங்க முத்திரையும் தேதியும் இருக்கிறது. நான் சொன்னால் நம்பாதவர்கள் அவர்களே குத்திய முத்திரையை நம்பித்தானே ஆக வேண்டும்?

அதன் பின்பாதியில் இருப்பதும் ஞாபகம் இருக்கிறது. கோர்ட்டில் உரக்கப் படிப்பார்கள். செல்லதுரையின் அப்பா இருப்பார். இரண்டு நாள் யோசித்தேன், வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தே கால் வலிக்கிறது. படிக்கட்டும். வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

அம்சவல்லி


திருச்சி சிறை
26-2-1970

அம்சம்,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தக் கடிதம் பாதிதான் இருக்கிறது.

இங்கே ஒரு அறையில் பதினாலு பேர். ஒருவனுக்குக் கடிதம் வந்தால் எல்லாருக்கும் வந்த மாதிரி. வாங்கிப் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டுவார்கள். செல்லதுரையின் சித்தப்பன் மகனும் இதே அறையில் இருக்கிறான். எலிக் கதையை எல்லாரும் கேட்டார்கள். உன் விஷயம் வெளியே போகக் கூடாது என்று, 'இனி என் விஷயம்' என்று தொடங்கும் இடத்திலிருந்து கீழ்ப்பாதியைக் கிழித்து, துண்டு துண்டாக்கி, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மேல்பாதியைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

முத்திரை குத்தியிருந்தது கீழ்ப்பாதியின் முதுகில்.

மேல்பாதியில் நீ உன் கையால் போட்ட தேதி இருக்கிறது. அதை நேற்றுக்கூடப் போட்டிருக்கலாம் என்பார்களாம். வந்த கடிதங்களின் பதிவேட்டில் உன் பேர் இருக்கிறது, உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது இல்லை. அதிகாரியிடம் கேட்டேன். "எலி ஞாபகம் இருக்குப்பா. எந்தத் தேதின்னு கேட்டா? ஒரு நாளைக்கு நூறு காயிதம் பாக்குறேன்" என்றார். பொய் சொல்லவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது.

உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தேன். நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதியிருந்தால், கிழித்திருக்க மாட்டேனோ என்னவோ. பதில் இல்லாததால்தான் கிழித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வேறு வழி பார்க்கிறேன் என்கிறார் வக்கீல். நீ எதிலும் இறங்காதே.

மருதையன்


தெற்குத்தெரு
3-3-1970

அண்ணனுக்கு,

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். டிசம்பர் நாலாந்தேதி விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வண்டி எங்கே நின்றது என்று கண்ணால் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். நான்தான். அன்றைக்கு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, நூலகம் இருக்காது என்பதால் இரண்டு புத்தகம் சேர்த்து வாங்கி வந்தேன். நூலகப் பதிவேட்டில் தேதியும் என் கையெழுத்தும் இருக்கின்றன. வாங்கிக்கொண்டு நேரே வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் நாற்பது பக்கம் முடிக்கிறபோது இருட்டிவிட்டது.

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்தப் பக்கத்து வக்கீல் உன்னை ஒரு கேள்வி கேப்பாரும்மா. தனியாவா இருந்தேன்னு. நீ என்ன சொன்னாலும் அந்தக் கேள்வி ஊருக்குள்ள நிக்கும்" என்றார். தெரியும் என்றேன்.

உண்மையில் பயமாக இருக்கிறது. மானத்தைவிட, அந்த இடம் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். நான் ஒளித்து வைத்திருந்தது அந்தப் பின்சீட்டு ஒன்றுதான். சொல்லிவிட்டால் அது எனக்கு இல்லை. எலிக்குக்கூட விரட்டினால் வேறு வளை கிடைக்கும்.

எப்.சி.க்கு வண்டியை மீரா உசேன் அண்ணன் ஓட்டிப் போகிறார். பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது. இடது பின்சக்கரத்தில் மட்டும் காற்று நிற்கவில்லை. தினமும் இரவில் எழுந்துபோய்க் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வேண்டாம் என்று எழுதாதீர்கள். கை தூக்குங்க என்று நீங்கள் கேட்காவிட்டாலும், தூக்கிவிட்டேன்.

அம்சவல்லி


பட்டுக்கோட்டை
20-4-1970

அண்ணனுக்கு,

சொல்லாமல் பஸ் ஏறியதற்கு அம்மா அழுதிருப்பாள். வேலைக்கு உத்தரவு முன்னமே வந்துவிட்டது. தீர்ப்பு வரட்டும் என்றுதான் இருந்தேன்.

வழக்கிலிருந்து உங்களை விடுவித்த அன்றைக்குத் திருவாரூரிலிருந்து வீடுவரை நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை ஓட்டினீர்கள். நான் பின்சீட்டில் இருந்தேன். ஸ்பிரிங் கத்தவில்லை, அதைப் பற்றியாவது சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

கூண்டில் நான் சொன்னதில் எது உங்களுக்கு ஆகவில்லை என்று தெரியும். அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்ததுமே, "தனியாவாம்மா இருந்தீங்க?" என்றார். "இல்லைங்க, எலிகளோட" என்றேன். சிரித்தார்கள், நடுவரும் சிரித்தார். அதோடு உட்கார்ந்திருக்கலாம் அவர். "எலியை விட்டுடுங்க. வயசுப் பொண்ணு, வீடு இருக்கும்போது அங்கே என்ன வேலை?" என்று கேட்டார். பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். "வீட்டில என் கல்யாணத்தைப் பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்கு இஷ்டமில்லை. அதைச் சொல்ல ஆளில்லாம அங்க போயி உக்காந்திருந்தேன்" என்றேன். செல்லதுரை மூன்றாவது பெஞ்சில் இருந்தார். எழுந்து வெளியே போனதை நானும் பார்த்தேன். அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

இங்கே பள்ளிக்கு அடுத்து தென்னந்தோப்பு. மட்டை விழும் சத்தத்தில் தூக்கம் கலைகிறது. ஒரு வீட்டில் நான்கு ஆசிரியைகள் ஒரே அறையில் இருக்கிறோம். விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

பதில் எழுத மனமில்லாவிட்டால் பரவாயில்லை.

அம்சவல்லி


தெற்குத்தெரு
22-10-1970

அம்சம்,

ஆறு மாசமாக உனக்கு எழுத உட்காருவேன், வண்டி பற்றி நாலு வரி வரும், அதற்கு மேல் ஓடாது. எனக்கு வண்டியைப் பற்றித்தான் எழுத வரும் போலிருக்கிறது.

நீ கூண்டில் நின்றபோது எதிர்க்கூண்டில் நான் கட்டையில் ஏற்றிய வண்டி மாதிரிதான் நின்றேன். சக்கரம் இருக்கிறது, தரையில் படவில்லை. நீ பேசிய எதுவும் எனக்கு ஆகாமல் போகவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியதை, நூறு பேர் முன்னால் எவனோ ஒரு வக்கீல் கேட்டு நீ பதில் சொன்னாய். வண்டியில் வரும்போது கண்ணாடியில் உன் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய். திருத்தாமல் விட்டது நான்.

ஆவணியில் செல்லதுரைக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பெண் அமைந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வண்டிதான் வேண்டும் என்று அவரே வந்து கேட்டார். ஓட்டினேன். பாலம் தாண்டும்போது, "மருதையா, ஒன் தங்கச்சி என்னைக் குத்தம் சொல்லலேல்ல?" என்றார். நல்லவர் என்று எழுதியிருந்தாய் என்று சொன்னேன். "அது போதும்" என்றார். அந்தக் கடிதம் முழுசாக மிச்சமிருப்பது இனி என் மண்டையில்தான்.

அறுப்புக்கு இந்தத் தடவை அரைப் படி கூட்டித் தர ஒத்துக்கொண்டார்கள். லாரி வரவில்லை. அடுத்த வருஷம் எப்படியோ.

குறுவை முடிந்தது, மழை பிடித்துக்கொண்டது. முந்தாநாள் வண்டியைக் கட்டையில் ஏற்றிவிட்டேன். பேட்டரியைக் கழற்றி மீரா உசேன் அண்ணனிடம் கொடுத்தாயிற்று. பிளக்குகளை உன் தீப்பெட்டி அட்டையைப் பார்த்துத்தான் கழற்றினேன். பின்சீட்டை மட்டும் கழற்றிக் காயவைத்து, பஞ்சு புதுசு போட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறேன். சவாரிக்கு வருபவன் அதற்குள் ஏறப்போவதில்லை, தை வரைக்கும்.

தீபாவளிக்கு நாலு நாள் லீவு விடுவார்களாமே. வரச் சொல்லி எழுதவில்லை. வருகிறாயா என்று கேட்கிறேன்.

கொட்டகைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் அடித்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, தாப்பாள வெளியில போடாம உள்ளாற போட்டிருக்க, கொட்டாயில யாரு குடியிருக்கா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

கதவுக்கு அடியில் நாலு விரல் சந்து இருக்கிறது. அடைக்கவில்லை. எலி வந்து போகட்டும்.

மருதையன்